ஜெயித்த தலைப்பு

செவ்வாய்க்கிழமை போய் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று அப்பாவின் வாயால் சொல்லவைப்பதற்குள் பெரியவள் தலையால் தண்ணீர் குடித்துவிட்டாள். அவர் முடியாது என்று ஒருநாளும் சொன்னவர் இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். "பார்க்கலாம்" என்பார். "இந்த வெயில் கொஞ்சம் தணியட்டும்" என்பார். வெயில் தணிந்தால், "இந்த மழையிலயா?" என்று அவளையே திருப்பிக் கேட்பார். மாவு மில்லில் பாதி ஆயுள் தூசியை இழுத்த நுரையீரல் அவருடையது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, அடுத்த வீட்டுக்காரர்களின் தபால் பெட்டிகளை ஏதோ அரசாங்க சோதனைக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்தப் பருவத்தில் ஊரைச் சுற்றிவரும் காய்ச்சல் அவருக்கு வந்தால் இருமலோடு போகாது, மூச்சிலேயே கை வைத்துவிடும் என்று டாக்டர் பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பாதி. கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். கடைசியில், தேநீரை ஆற்றிக்கொண்டே, "சரிம்மா, உன் தொல்லை தாங்கலை, நேரம் வாங்கு" என்றார். அவர் மனம் மாறுவதற்குள் அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணி நேரம் வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் கெட்டது.

அப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் கவலை இல்லை. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி ஒரு வெளிச்சம் இருந்தது. "படி" என்று நீட்டினார். 'மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் தடுப்பூசி போட்டவர்கள்!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, எழுதியவர் என்று அவள் தம்பி சின்னவனின் பெயர்.

"பார்த்தியா? போட்டவங்கதான் அதிகமா படுத்துக் கிடக்காங்க. நல்லவேளை, நான் அவசரப்படலை."

"அப்பா, டாக்டர் சொன்னாரே..."

"டாக்டர் ஆயிரம் சொல்வார். இது தம்பி எழுதினது."

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. அப்பா லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை. வானிலை அறிக்கையைக் கேட்டால் சிரிப்பார். மருந்துச் சீட்டை இரண்டு மருந்துக் கடையில் காட்டிச் சரிபார்ப்பார். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு செய்தித் தளம் மட்டும் அவருக்கு வேதவாக்கு, ஏனென்றால் அங்கே அவர் பிள்ளை வேலை பார்க்கிறான். சின்னவன் கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். வங்கியில் உட்கார வேண்டிய பயல் செய்தி எழுதப் போகிறானே என்று அப்பா ஒரு வருஷம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இப்போது அவனுடைய செய்திகளை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித் தேடித் தேடிப் படிக்கிறார். தலைப்பைப் படிப்பார், பிள்ளையின் பெயரைப் படிப்பார், அதோடு திருப்தி. இதையெல்லாம் அவனிடம் சொல்லமாட்டார் என்பது வேறு விஷயம். நேரில் வந்தால், "வேலை எப்படிப் போகுது?" என்பதுதான் அவனுக்குக் கிடைக்கிற அதிகபட்சப் பாராட்டு.

பெரியவள் அன்று முழுக்க அந்தத் தலைப்பையே திரும்பத் திரும்பப் படித்தாள். அவளும் ஊசி போட்டுக்கொண்டவள்தான். பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கு மேல் ஆயிற்றே! அப்படியானால் இத்தனை நாள் அப்பாவைப் பிடித்துத் தள்ளியது எங்கே? டாக்டர் ஏமாற்றினாரா, இல்லை டாக்டரையே யாராவது ஏமாற்றினார்களா? அப்பா ஊசிக்கு வர மறுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் மறுத்ததுதான் சரியோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்ததுதான் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் பட்டறையிலிருந்து தம்பிக்குப் போன் பண்ணினாள். கதவும் ஜன்னல் கம்பியும் படிக்கட்டுக் கைப்பிடியும் செய்கிற பெரிய இரும்புப் பட்டறை அது. அவளுக்கு சாமான் அறையில் வேலை. காலையில் ஒவ்வொரு ஆளுக்கும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் எடுத்துக் கொடுப்பாள். கண்ணாடியைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு திரிகிறவனைக் கண்டால் அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்குவாள். அதனால் பட்டறையில் அவளுக்குப் பெயர் கண்ணாடி மேடம். சாப்பாட்டு நேரத்தில் இரும்பைத் தேய்க்கும் இயந்திரங்கள் ஓய்ந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. இந்த ஊசி வேலை செய்யுதா இல்லையா?"

"என்னக்கா, நீயே பயந்துட்டியா?" சின்னவன் சிரித்தான். சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பிடித்த சிரிப்பு. "நல்லா வேலை செய்யுதுக்கா."

"பத்துக்கு ஆறுன்னு நீதானே எழுதியிருக்கே?"

"சரி, உன் பட்டறையையே எடுத்துக்கலாம். போன வருஷம் எத்தனை பேருக்குக் கண்ணுல இரும்புத் துகள் பட்டுது? அப்பப்போ சொல்லிப் புலம்புவியே."

"ஒன்பது பேருக்கு."

"அதுல கண்ணாடி போட்டிருந்தவங்க?"

அவள் நினைத்துப் பார்த்தாள். துகள் சில சமயம் கண்ணாடியின் ஓரமாகப் புகுந்துவிடும். "அஞ்சு பேர்."

"போடாதவங்க நாலு பேர்தான். போட்டவங்கதான் அதிகம் அடிபட்டிருக்காங்க. அப்போ கண்ணாடி தண்டம். எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடு."

"வாயைக் கழுவுடா! இங்க இருநூறு பேர் வேலை செய்யறாங்க. போடவே மாட்டேன்னு அடம்பிடிக்கறது மொத்தமே பத்துப் பேர். அந்தப் பத்துல நாலு பேருக்குக் கண்ணுல அடி. போட்டுக்கிட்ட நூத்துத் தொண்ணூறு பேர்ல வெறும் அஞ்சு பேருக்கு. ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

"அவ்வளவுதான்க்கா கணக்கு. நீயே சொல்லிட்டே." அவன் குரலில் வாத்தியார் சந்தோஷம் தெரிந்தது. "நம்ம ஊர்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் ஊசி போட்டாச்சு. போட்ட கூட்டம் அவ்வளவு பெரிசா இருக்கறதால, அதுலேர்ந்து ஆறு பேர் வர்றது ஒண்ணுமில்லை. போடாத அந்தத் துளிக் கூட்டத்துலேர்ந்து நாலு பேர் வர்றாங்க பாரு, அதுதான் விஷயம். வகுத்துப் பார்த்தா, போடாதவனுக்கு ஆஸ்பத்திரி போற ஆபத்து பன்னெண்டு மடங்கு. எத்தனை பேர் வந்தாங்கன்னு மட்டும் பார்த்தா போதாது. எத்தனை பேர்லேர்ந்து வந்தாங்கன்னு கேக்கணும்."

பெரியவளுக்கு மார்பிலிருந்து பாறாங்கல்லை எடுத்து வைத்தது போலிருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! பள்ளிக்கூடத்தில் இவனைப்போல ஒருவன் கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவளும் கல்லூரி வரை போயிருப்பாள். இதை இப்படியே அப்பாவிடம் சொன்னால் போதும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் இன்னொன்று வந்து முட்டியது.

"ஏன்டா, இவ்வளவு நல்லாத் தெரிஞ்சவன் இதை ஏன் எழுதலை?"

"எழுதியிருக்கேனே. ஏழாவது பாராவுல இருக்கு."

"அப்பா ஏழாவது பாரா வரைக்கும் போவாரா?"

"யாருமே போறதில்லக்கா" என்றான், பஸ் வர நேரமாகும் என்று சொல்வது மாதிரி.

"அப்புறம் தலைப்பு ஏன் அப்படி?"

"அது வேற கதை. இங்க ஒவ்வொரு செய்திக்கும் ரெண்டு தலைப்பு எழுதிக் கொடுக்கணும். படிக்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஒண்ணைக் காட்டுவாங்க, மீதிப் பேருக்கு இன்னொண்ணை. எதை நிறையப் பேர் தொட்டுத் திறக்கறாங்களோ அது நிக்கும், தோத்தது போயிடும். 'ஊசி போடாதவர்களுக்கு ஆபத்து பன்னிரண்டு மடங்கு'ன்னு ஒண்ணு வெச்சேன். அரை மணி நேரம்கூடத் தாங்கலை பாவம். பத்துக்கு ஆறு பிச்சுக்கிட்டுப் போச்சு. இந்த வாரத்துலயே அதுதான் முதல் இடம்."

தோற்றுப்போன தலைப்பைப் பற்றி, பந்தயத்தில் முதல் சுற்றிலேயே விழுந்த குதிரையைப் போலப் பேசினான். பெரியவள் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டு தலைப்பையும் எழுதினது யாரு?"

"நான்தான்."

"அந்த ஜெயிச்சதைப் படிச்சா ஜனங்க என்ன நினைப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றான். உடனே, "ஆனா அதுல ஒரு எண்கூடத் தப்பில்லக்கா" என்றும் சொன்னான்.

"அப்பா இன்னும் ஊசி போட்டுக்கலைன்னு தெரியுமா?"

"நீதான் சொன்னியே. விடாதேன்னு நான்கூடச் சொன்னேனே... எழுதறப்போ அப்பா ஞாபகம் வரலைக்கா."

அவன் விவரம் தெரியாமல் எழுதியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். யாரோ கொடுத்ததை அப்படியே போட்டிருந்தாலும் மன்னித்திருப்பாள். அந்தக் கணக்கைக் கரைத்துக் குடித்தவன் அவன். அவளுக்கு ஐந்து நிமிஷத்தில் புரியவைத்தவன், ஊருக்குப் புரியாமல் இருப்பதற்கு வழி செய்துவிட்டு, வழி செய்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். தன் வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளையே முதுகில் குத்திவிட்டான் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா. எங்கிட்டச் சொன்னதை அப்பாகிட்டச் சொல்லு. நாளைக்குத்தான் ஊசி. நான் சொன்னா கேக்க மாட்டார். நீ சொன்னாத்தான் கேப்பார்."

"வர்றேன்க்கா. சத்தியமா சொல்லிடறேன்" என்றான்.

வந்தான். அதில் குறை சொல்ல முடியாது. அலுவலகப் பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அப்பா அவனுக்காகவே சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். பெரியவள் மூன்று பேருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"அப்பா, அந்தச் செய்தி விஷயமா பேசணும்" என்று ஆரம்பித்தான். நன்றாகத்தான் ஆரம்பித்தான். பட்டறைக் கண்ணாடியைச் சொன்னான், பெரிய கூட்டம் சின்னக் கூட்டம் சொன்னான், பன்னிரண்டு மடங்கைச் சொன்னான். "தலைப்பை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்கப்பா. ஊசி போட்டுக்கறதுதான் நல்லது" என்று முடித்தான். பெரியவளுக்கு மதியம் வந்த கோபத்தில் பாதி அப்போதே வடிந்துவிட்டது.

அப்பா எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இளகிக்கொண்டே வந்தது. ஒப்புக்கொள்கிறவரின் முகம் அப்படி இளகாது. அடிபட்டு வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்க்கிறவரின் முகம்தான் அப்படி ஆகும்.

"யார் மிரட்டினது உன்னை?" என்று கேட்டார்.

"என்னப்பா?"

"நேத்து ஒண்ணு எழுதறே. இன்னிக்கு வீடு தேடி வந்து அதை நம்பாதேங்கறே. மில்லுல நான் பார்க்காததா? எடை குறையுதுன்னு ஒருத்தன் சத்தம் போடுவான். மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து, எடை சரியாத்தான் இருக்கு, நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்னு சொல்லுவான். ராத்திரியே ஆள் வந்து பேசியிருப்பாங்க."

"அப்படியெல்லாம் இல்லப்பா..."

அப்பா எழுந்தார். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. இரண்டு எட்டில் மகனிடம் வந்து, அவன் தோளில் கை வைத்துத் தட்டினார். "நீ பயப்படாதே. எழுதினது எழுதினதுதான். உள்ளதைச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். உனக்கு அது இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நான்தான் உன்னைத் தப்பா எடை போட்டுட்டேன்."

சின்னவனின் கண் கலங்கியது. பெரியவள் அதைப் பார்த்தாள். இப்போது சொல்லு, என்று மனசுக்குள் அவனைப் பிடித்து உலுக்கினாள். யாரும் என்னை மிரட்டவில்லை, நிறையப் பேர் திறந்து பார்க்க வேண்டும் என்று நானே வைத்த தலைப்பு, என்று ஒரு வரி சொன்னால் போதும். நாளைக் காலை அப்பா ஊசிக்குக் கிளம்பிவிடுவார். அவன் தேநீர்க் கோப்பையை எடுத்தான், வைத்தான், கைப்பிடியைத் திருப்பி வைத்தான்.

"ஆபீஸ் விஷயம்பா" என்றான் கடைசியில். "வெளியில பேசக் கூடாது. விடுங்க."

அப்பா தெரிந்துகொண்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"டேய்!" பெரியவள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். "அப்பா, பச்சைப் பொய். யாரும் மிரட்டலை. ரெண்டு தலைப்பு எழுதி, அதிகமா ஓடினதை வெச்சிருக்காங்க. ரெண்டையும் எழுதினது இவன்தான். எங்கிட்ட அவனே சொன்னான். இவனே ஊசி போட்டுக்கிட்டவன்தான், வேணும்னா கேளுங்க!"

அப்பா மகனைப் பார்த்தார். "போட்டுக்கிட்டியா?"

"ம்... போட்டுக்கிட்டேன்பா."

அவர் கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது. அந்த விரல்கள் ஒரு கணம் இறுகின. "ஆபீஸ்ல கட்டாயம்னு சொல்லிட்டாங்களா?"

ஊசி வந்த முதல் நாளே விடியற்காலையில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி படம் எடுத்துப் பெரியவளுக்கு அனுப்பியவன் அவன். 'அக்கா, நீயும் சீக்கிரம் போ' என்று அதற்குக் கீழே எழுதியிருந்தான். அந்த அலுவலகத்தில் யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

சின்னவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"பாவம்" என்றார் அப்பா. விரல்கள் தளர்ந்து மறுபடியும் தட்டிக்கொடுத்தன. பிறகு மகளின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு எனக்குன்னு வெச்ச நேரத்தை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லிடும்மா. வீணாப் போகக் கூடாது."

சின்னவன் அதற்குமேல் உட்காரவில்லை. வேலை இருக்கிறது என்று கிளம்பினான். பெரியவள் அவன் பின்னாலேயே இறங்கி, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவன் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "தலைப்பை மாத்தச் சொல்றேன்க்கா. இப்பவே பேசறேன்."

"மாத்து. மாத்தினா, அதையும் மிரட்டித்தான் மாத்த வெச்சாங்கன்னு சொல்லுவார். எல்லாத்துக்கும் நீ வழி பண்ணிக் கொடுத்துட்டே. ஏன்னுதான் கேக்கறேன். எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்தவன், ஏன் அப்படித் தலையாட்டினே?"

"தோளைத் தட்டினாரேக்கா." அவன் குரல் சின்னப் பையனின் குரல் மாதிரி ஆகிவிட்டது. "நான் பிறந்ததுலேர்ந்து அவர் என்னைத் தட்டிக் கொடுத்ததே இல்லை. அந்தக் கை தோள்ல இருக்கும்போது, நான் அப்படிப்பட்டவன் இல்லப்பான்னு எப்படிக்கா சொல்றது?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் இதைக் கேட்டு அவள் அழுதிருப்பாள், அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். அன்று அவளிடம் அதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"அந்தத் தட்டலை நீ பத்திரமா வெச்சுக்க" என்றாள். "அப்பாவை நான் எப்படிடா பத்திரமா வெச்சுக்கறது?"

அவன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கிப் போனான். அவன் முனை திரும்பும் வரை பார்த்துவிட்டு அவள் மாடி ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அப்பா, மில்லில் தன்னோடு வேலை பார்த்த யாரிடமோ போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே மூச்சு வாங்கினார், வாங்கிக்கொண்டே பேசினார். அவர் குரலில் அவ்வளவு பெருமையை அவள் அதுவரை கேட்டதில்லை.

"ஆமாய்யா, வீட்டுக்கே வந்து கண் கலங்கறான். பாவம், எவ்வளவு நெருக்கடியோ! நான் போகலை. நீயும் போகாதே, உன் வீட்டுக்காரம்மாவையும் போக விடாதே. என் பிள்ளை எழுதினது, தப்பா இருக்காது."